யாழ்ப்பாணத்தார் பார்த்த பாலாறு

வேலூர் கண்டோன்மென்ட் ரயிலடியில் இறங்கிய என் அக்கா முதலில் என் சுகத்தைக் கேட்கவில்லை. "ஆறு எங்கை இருக்கு?" என்றுதான் கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. கிணறு உண்டு, குளம் உண்டு, மூன்று பக்கமும் கடல் உண்டு. ஆறு என்பதை அக்கா பாடப் புத்தகத்தில் மட்டுமே படித்தவள். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, தனுஷ்கோடியில் ரயிலேறி வரும் வழியில் காவிரியைப் பார்க்க வேண்டுமென்று ஜன்னலோரம் இடம் பிடித்திருக்கிறாள். ரயில் காவிரியைத் தாண்டியபோது அயர்ந்து தூங்கிவிட்டாள். அந்த ஏமாற்றம் விழுப்புரத்தில் ரயில் மாறி, திருவண்ணாமலை வழியாக வேலூர் வந்து சேரும்வரை ஆறவில்லை.

1930களின் நடுப்பகுதி அது. வேலூரில் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியில் படித்துத் தேறிய நான், ஆம்பூரில் ஒரு சிறிய பெண்கள் வைத்தியசாலையில் டாக்டராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என்னைப் பார்க்க ஊரிலிருந்து ஆட்கள் வந்தது அதுவே முதல் தடவை. வந்தவர்கள் மூவர்: அக்கா பரமேஸ்வரி, நில அளவையாளராக இருந்த அத்தான் வைத்திலிங்கம், என்னோடு ஊர்ப் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியையாகிவிட்ட என் தோழி பாக்கியம். ஐப்பசி மாதம். ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு.

முதல் நாள் வேலூரைப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். நாலணாவுக்கு ஒரு ஜட்கா பேசிக் கோட்டைக்குப் போனோம். அகழி நிறையத் தண்ணீர். கருங்கல் மதில் அந்தத் தண்ணீரில் தலைகீழாக நின்றது. பாக்கியம் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, மதிலின் ஒரு கல்லைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே நகம் நுழையவில்லை என்றாள்.

கோட்டைக்குள் இருக்கும் சிவன் கோயிலின் கல்யாண மண்டபத்தில் தூணுக்குத் தூண் பாயும் குதிரைகள். கல்லை இப்படிக் குழைக்க முடியுமா என்று நாங்கள் வாய் பிளந்து நின்றபோது அத்தான் கருவறைப் பக்கம் போனார். அவர் இருவேளை பூசை செய்யும் சைவர். பிறர் வீட்டில் தண்ணீரும் குடிக்காதவர். கருவறை வெறுமையாக இருந்தது. பழைய போர்க் காலங்களில் வெளியே போன லிங்கம் திரும்பி வரவில்லை, பூசையும் இல்லை. இதை நான் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டேன். அத்தான் அந்த வெற்றிடத்தின் முன் சற்று நேரம் நின்றார். பிறகு மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுவாமி இருந்தால் எப்படிக் கும்பிடுவாரோ அப்படியே கும்பிட்டார்.

கண்டியின் கடைசி அரசனை ஆங்கிலேயர் கொண்டுவந்து சிறை வைத்ததும் இந்தக் கோட்டையில்தான். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் அந்த மாளிகையைப் பார்க்காமல் போவதில்லை. நகருக்கு வடக்கே அவனுடைய சமாதியும் இருக்கிறது. பிற்பகலில் அங்கே போனோம். புல் மண்டிக் கிடந்த கல்லறைகள், அவற்றுக்கு அப்பால் பாலாறு.

"எங்கை தண்ணி?" என்றாள் அக்கா.

கண்ணுக்கெட்டிய தூரம் மணல். வெள்ளை வெளேரென்று, அலை அலையாக, வெயிலில் மின்னும் மணல். நடுவில் இரண்டு எருமைகள் நின்றன. ஒரு பெண் மணலில் குழி தோண்டி, ஊறி வந்த தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் குடத்தில் மொண்டுகொண்டிருந்தாள்.

"இதுவோ ஆறு? இதுக்கோ நான் கடல் தாண்டி வந்தன்?"

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண் ஒரு சிரட்டைத் தண்ணீரை என்னிடம் நீட்டினாள். இளநீர் போலத் தெளிந்த தண்ணீர். நான் குடித்தேன், பாக்கியம் குடித்தாள். அக்காவும் அத்தானும் தாகமில்லை என்றார்கள்.

திரும்பும்போது அக்கா அரசனின் சமாதியை இன்னொரு முறை பார்த்தாள். வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில் வந்த காரியத்தைச் சொன்னாள். எங்கள் ஊர் வைத்தியசாலையில் பெண் டாக்டருக்கு இடம் காலியாகிறது. தை மாதம் சேர வேண்டும்.

"உன்ர பதிலோடைதான் வரவேணும் எண்டு அம்மா சொல்லிப்போட்டா. அந்த ராசாவைப் போலை நீயும் இஞ்சையே இருந்து முடிஞ்சு போகப் போறியோ, தங்கம்?"

அவனைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள், நானாக வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. போவதற்குள் பதில் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை ஆளுக்கு எட்டணா கொடுத்து ஆம்பூருக்கு மோட்டார் பஸ் ஏறினோம். முப்பது மைல். அந்தச் சாலையில் எத்தனை முறை போனாலும் எனக்கு அலுத்ததில்லை. இரு பக்கமும் புளியமரங்கள். இடது கையில் ஜவ்வாது மலை நீலமாகக் கூடவே வரும். மலையே இல்லாத சமதரையில் பிறந்த பாக்கியம் கழுத்து வலிக்க வலிக்க அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். பள்ளிகொண்டாவில் பஸ் நின்றபோது வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றோம்.

ஆம்பூர் வருவதை முதலில் மூக்குதான் சொல்லும். சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பச்சைத் தோலும் கலந்த வாடை அது. முதல் மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை; பிறகு அந்த வாடை இல்லாத ஊரில்தான் ஏதோ குறைவதுபோல இருந்தது. அத்தான் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பஸ் நிற்கும் இடத்தில் வைத்தியசாலை ஜட்காக்காரர் காதர் பாய் காத்திருந்தார். பெட்டிகளை ஏற்றி முடித்ததும் அக்கா, "அப்ப வெளிக்கிடுவமோ?" என்றாள். எங்கள் பேச்சில் புறப்படுவோமா என்று அர்த்தம். காதர் பாய் சங்கடத்தோடு தலையைக் குனிந்து, தூரத்தில் ஒரு முள்வேலிப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க மறைவா இருக்கும்மா. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்றார். விஷயம் புரிந்து நான் சிரிக்க ஆரம்பித்ததும் பாக்கியமும் சேர்ந்துகொண்டாள். அக்காவுக்கு வீடு போய்ச் சேரும்வரை கோபம் தணியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் ஊர் சுற்றினோம். குடியாத்தம் போய்க் கைத்தறிச் சேலைகள் வாங்கினோம். பாக்கியத்தின் பிடிவாதத்தால் ஒரு தோல்ஷாப்பையும் பார்த்தோம். தோல் பதனிடும் இடத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அத்தான் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே தரையில் வரிசையாகக் குழிகள். ஒன்றில் பால்போலச் சுண்ணாம்புத் தண்ணீர், ஒன்றில் தேநீர் நிறத்தில் பட்டைச் சாறு. இடுப்பளவு இறங்கி நின்று ஆட்கள் தோலைப் புரட்டிப் புரட்டிப் போட்டார்கள். கடைசிக் கொட்டகையில் உலர்ந்து தொங்கிய தோல்கள் பொன்னிறமாக, பட்டுப்போல மெத்தென்று இருந்தன. சென்னைக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்குக் கப்பலேறும் என்றார் மேஸ்திரி. உள்ளே நுழையும்போது மூக்கைச் சுளித்த பாக்கியம், வெளியே வரும்போது ஒரு துண்டுத் தோலைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் அத்தான் குடையை எடுத்துக்கொண்டு தனியே கிளம்பினார். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு குன்றின்மேல் சிறிய முருகன் கோயில் இருப்பதைக் காதர் பாய் சொல்லியிருந்தார். மணலில் நடந்து போய்ப் பத்து மணிக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். ஊரில் பொட்டு மழை இல்லை. வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

ஒன்பது மணி இருக்கும். தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. காதர் பாய் வாசலுக்கு வந்து கத்தினார்.

"டாக்டரம்மா! ஆறு வருதும்மா! மைசூர் பக்கம் மழ கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சாம். வாங்க, வந்து பாருங்க!"

நாங்களும் ஓடினோம். ஊரே கரையில் நின்றது. தோல்ஷாப்பு ஆட்கள் வேலையை விட்டு, நனைந்த உடம்போடு வந்திருந்தார்கள். பூக்கடைக்காரர் ஒரு கூடைப் பூவோடு நின்றார். சில பெண்கள் கற்பூரம் ஏற்றினார்கள். தொப்பி போட்ட பெரியவர்கள் கையேந்தித் துவா செய்தார்கள். மேற்கே மணல்மேல் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. அது நகர்ந்தது. முதலில் விரல் விரலாக மணலைத் தடவிக்கொண்டு, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, ஒரு குழந்தை தவழ்வதுபோல வந்தது. அதன் பின்னால் வந்தது குழந்தை அல்ல. உறுமிக்கொண்டு, முழு மரங்களைப் புரட்டிக்கொண்டு, கரைக்குக் கரை நிறைத்துக்கொண்டு ஒரு வெள்ளம் வந்தது. கூட்டம் ஆரவாரித்தது. பூக்கள் பறந்தன. இரண்டு வருஷத்தில் நானும் இப்படி ஒரு வரவைப் பார்த்ததில்லை. மெய்சிலிர்த்துப் போய் அக்காவின் கையைப் பிடித்தேன்.

அக்காவின் கை சில்லிட்டிருந்தது.

"அவர் அங்காலை போனவர்" என்றாள்.

அதன் பிறகு எங்கள் காதில் ஆரவாரம் விழவில்லை. அத்தான் அக்கரை சேர்ந்துவிட்டாரா, திரும்பி வரும் வழியில் நடு மணலில் நின்றாரா, யாருக்கும் தெரியாது. அங்கே சாலைப் பாலம் இல்லை. ரயில் பாலமோ தூரத்தில் இருந்தது. அதன்மேல் யாரையும் நடக்க விடவில்லை. காதர் பாய் கரையோரமாக மேலும் கீழும் ஓடி விசாரித்தார். மணலில் இருந்த சலவைக்காரர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். குடை பிடித்த ஆளை யாரும் பார்க்கவில்லை.

அக்கா கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வா என்றால் வரவில்லை. அழவும் இல்லை. அவள் பார்க்க ஆசைப்பட்ட ஆறு அவள் காலடியில் ஓடியது. அவள் அதற்கு மேலாக அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. கூட்டம் கலைந்தது. ஆனால் தோல்ஷாப்பில் வேலை செய்வோரின் வீட்டுப் பெண்கள் சிலர் கலையவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து அக்காவைச் சுற்றி மணலில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களில் ராஜம்மா எனக்குப் பழக்கமானவள். அவள் புருஷன் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்பவன். அவள் ஒரு சொம்பில் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக்கொண்டு வந்து அக்காவிடம் நீட்டினாள்.

"இன்னாம்மா இப்டி உக்காந்துகினே இருக்க? காலைலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. உங்க வூட்டுக்காரு அந்தாண்டதான் இருப்பாரு. அங்க கரையிலயே தோல்ஷாப்பு இருக்குது. நல்ல மனுசங்க. யாரையும் வெளிய நிக்க வெக்க மாட்டாங்க. நீ குடி."

எங்கள் ஊரில் ராஜம்மா மாதிரி ஒருத்தி எங்கள் கிணற்றடிக்கு வர முடியாது. அவளுடைய சொம்பை அக்கா தொட்டிருக்க மாட்டாள். நானும் படிக்க வரும்வரை தொட்டதில்லை. அக்கா ராஜம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. ராஜம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

நாலு மணி சுமாருக்கு அக்கரையில் ஆட்கள் கூடுவது தெரிந்தது. அங்கே ஆவாரம்பட்டை மலைபோலக் குவித்திருந்தார்கள். அதன் உச்சியில் ஒருவர் ஏறி நின்றார். முகம் தெரியாத தூரம். திடீரென்று அவர் தலைக்கு மேல் ஒரு கறுப்புப் புள்ளி விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது.

"குடை!" என்று கத்தினாள் பாக்கியம். "அத்தான்ர குடை!"

அக்கா எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை அவிழ்த்து வீசி வீசி ஆட்டினாள். ராஜம்மாவும் மற்றப் பெண்களும் தங்கள் தலைப்புகளை ஆட்டினார்கள். கரை முழுக்க நிறம் நிறமாகத் துணி பறந்தது. காதர் பாய் தன் தலைப்பாகையையே அவிழ்த்துவிட்டார்.

மறுநாளும் வெள்ளம் வடியவில்லை. காலையிலும் மாலையிலும் குடை விரிந்தது. இங்கே தலைப்புகள் ஆடின. இடைப்பட்ட நேரத்தில் அக்கா ஒருவழியாக ஆற்றைப் பார்த்தாள். கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு, "என்ன வேகம், என்ன வேகம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். ராஜம்மாவின் மடியில் இருந்த குழந்தைக்கு வயிற்றோட்டம் என்று தெரிந்து, அதைத் தூக்கிக்கொண்டு அக்காவே என் வைத்தியசாலைக்கு வந்தாள். வரிசையில் காத்திருந்த பெண்களோடு பெஞ்சியில் உட்கார்ந்து, நான் வேலை செய்வதை முதன்முதலாகப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலை தண்ணீர் முழங்காலளவாக வடிந்தது. இரண்டு ஆட்கள் கைகொடுக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையை ஊன்றி ஊன்றி அத்தான் வந்து சேர்ந்தார். கூட வந்தவர்களின் தலையில் ஒரு கூடை சீத்தாப்பழம். கரையேறியதும் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போனியள்" என்றாள்.

"மெலியேல்லை. ரெண்டு நாளும் நல்லாச் சாப்பிட்டன்."

அன்று அவர் சொன்ன கதையை அவருடைய பேச்சிலேயே எழுத ஆசை; அப்படியே நினைவில் நின்றது சில வரிகள்தான். கோயிலிலிருந்து இறங்கும்போதே ஆறு வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவரைத் தோல்ஷாப்பு முதலாளி பார்த்துவிட்டார். ஆம்பூர் டாக்டரின் அத்தான் என்று சொன்னதும் வீடே பரபரத்தது. முதலாளியின் மனைவி ஹாஜிரா பீக்குப் போன வருஷம் கடினமான பிரசவம். நான் மணலில் நடந்து போய் இரண்டு நாள் அங்கேயே இருந்து பார்த்திருந்தேன். அவர்கள் வீட்டில் சாப்பிட மாட்டார் என்று தெரிந்துகொண்டு, புதுப்பானையும் அரிசியும் விறகும் கொடுத்து, தனிக் கொட்டகை ஒன்றையும் ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"நான் எண்டைக்குச் சமைச்சனான்? சோறு அடிப்பிடிச்சுக் கருகிப் போச்சு. தோல்ஷாப்பு வாடையிலை பழகின மனிசர்கூட அந்த மணத்துக்கு ஓடி வந்திட்டினம்."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். அடுத்த நாள் காலை ஹாஜிரா பீ திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேசியிருக்கிறாள்.

"அண்ணா, இந்தக் கத்தரிக்கா புளியில கவுச்சி கலக்கல. புதுச் சட்டியில ஆக்கினேன். டாக்டரம்மா நம்ம வூட்ல ரெண்டு நாள் சாப்ட்டாங்க. நீங்க பட்டினி கெடந்தீங்கன்னா எனக்குத்தான் பேஜாரு."

"சாப்பிட்டியளோ?" என்றாள் அக்கா.

"ரெண்டாந்தரமும் வாங்கினன்."

அதோடு சிரிப்பு அடங்கியது. அத்தான் என்னைப் பார்த்தார்.

"பின்னேரம் அந்த ஹாஜிராப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டுது, தங்கம். 'டாக்டரம்மாவக் கூட்டிட்டுப் போகவா வந்தீங்க?' எண்டு. எனக்குப் பொய் சொல்ல வரேல்லை. ஓம் எண்டன். திரைக்கு அங்காலை ஒரு சத்தமும் இல்லை. கோவிச்சிட்டா போலை, இனிச் சாப்பாடு வராது எண்டு நினைச்சன். பிறகு தட்டு வழக்கம்போலத் திரைக்குக் கீழாலை வந்துது. முந்தின நேரத்தைவிடக் கூடச் சோறு. அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் போச்சு."

அக்கா சீத்தாப்பழத்தைப் பிட்டு ஒவ்வொருவர் கையிலும் வைத்தாள்.

விருந்தினர் புறப்படும் நாளில் ஆம்பூரிலிருந்து காட்பாடிவரை நானும் ரயிலில் போனேன். காட்பாடியில் அவர்கள் விழுப்புரம் வண்டிக்கு மாற வேண்டும். நடைமேடையில் பெட்டிகளை எண்ணிவிட்டு நின்றபோது, பதில் சொல்லாமல் இனித் தப்ப முடியாது என்று தெரிந்தது. இன்னும் இரண்டு வருஷமாவது இங்கே இருக்க நினைக்கிறேன் என்றேன். என்னை விட்டால் இருபது மைல் சுற்றுக்குள் அந்தத் திரைகளுக்குப் பின்னால் போகக்கூடிய டாக்டர் இல்லை என்றேன். அம்மாவை நினைக்காத நாளில்லை என்றும் சொன்னேன். எல்லாம் உண்மை.

"மாமிக்கு நான் சொல்லுறன்" என்றார் அத்தான். "நான் சொன்னால் கேப்பா."

பாக்கியம் என்னைக் கட்டிக்கொண்டாள். வண்டி ஊதியது. அக்கா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வருவாய்?"

"சித்திரையிலை லீவு கிடைக்கும், அக்கா. ரெண்டு கிழமை அம்மாவோடை நிண்டிட்டு வருவன்."

சொன்ன பிறகுதான் அந்த 'வருவன்' என் காதிலேயே விழுந்தது. அக்காவின் காதிலும் விழுந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"நிண்டிட்டு வருவன் எண்டு சொல்லுறாய்" என்றாள் மெதுவாக. "நிண்டிட்டுப் போவன் எண்டு சொல்லேல்லை."

வண்டி நகர்ந்தது. அவள் கோபிக்கவில்லை. கையை விடும்முன் அதை ஒரு முறை அழுத்தினாள், பிறகு சிரித்தாள். வளைவில் கடைசிப் பெட்டி மறையும்வரை நின்றுவிட்டு, ஆம்பூருக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு மறுபக்க நடைமேடைக்குப் போனேன்.